ஒற்றை ஓலை, இரட்டை ஓலை

"ஏலே, கப்பல் நிக்குதா?"

சண்முகவடிவு உப்பளத்து வரப்பில் நின்று கேட்கிறாள். துறைமுகத்தில் இரவு வேலை முடித்து வீட்டுக்கு நடக்கும் தோணிக்காரர்கள் அந்த வரப்பு வழியாகத்தான் வர வேண்டும். "நிக்குது யக்கா, ரெண்டு" என்று பதில் வந்தால், கிழக்கே கடலுக்கு மேல் கிடக்கும் கரிய பட்டையை இன்னொரு தரம் உற்றுப் பார்க்கிறாள். கப்பல் ஏதுமில்லை என்றால், இடுப்பில் செருகியிருக்கும் பனைநார்க் கயிற்றை உருவி ஒரு முடிச்சுப் போடுகிறாள். அதற்குப் பிறகுதான் வாயில் வெற்றிலை.

மார்கழி பதின்மூன்றாம் தேதி தொடங்கிப் பதினான்கு நாள் இது நடக்கும். அந்த நாட்களில் மேகம் சூல் கொள்கிறது என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. கர்ப்போட்டம் என்று பெயர். முதல் நாள் திரண்ட மேகம் ஆடி பிறந்ததும் மழையாக இறங்கும். கடைசி நாள் மேகம் அடுத்த மார்கழி முடிவில் இறங்கும். ஒவ்வொரு நாளும் வரப்போகும் பதின்மூன்று நாளுக்குப் பொறுப்பு. கரிய மேகத்துக்குப் பெரிய முடிச்சு. வெளிறிய மேகத்துக்குச் சிறிய முடிச்சு. வெறும் வானத்துக்கு இரண்டு விரல் அகலம் வெறும் கயிறு. பதினான்காம் நாள் காலை அவள் இடுப்பில் அடுத்த வருஷத்து மழை இருக்கிறது. ஒரு முழத்துக்குச் சற்று அதிகம்.

அவளுக்கு ஐம்பது வயது இருக்கும். ஒல்லி. நடக்கும்போது தலை முன்னால் போகும், உடம்பு பின்னால் வரும். தூத்துக்குடி அளங்களில் உப்பு அம்பாரங்களுக்கு ஓலை மூடுவது அவள் தொழில். பதினோரு பெண்கள் அவள் கீழ் வேலை செய்கிறார்கள். புரட்டாசியில் தொடங்கி, கூரை வேய்வது போல அடியிலிருந்து உச்சிக்கு ஓலையை ஏற்றிக்கொண்டு போவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் கடற்கரையில் வாசலே இல்லாத வீடுகள் வரிசையாக நிற்பது போல் இருக்கும்.

ஓலை குலசேகரன்பட்டினத்துப் பக்கத்திலிருந்து வண்டியில் வருகிறது. பதனீர்க் காலம் முடிந்து ஆடி, ஆவணியில் வெட்டினால் உண்டு. அப்புறம் யாரும் மரத்தைத் தொட மாட்டார்கள். ஆகவே எவ்வளவு மழை பெய்யும் என்பதை மழைக்கு மூன்று மாதம் முன்னாலேயே தெரிந்துகொண்டாக வேண்டும். குறைத்து வெட்டினால் உப்பு கரையும். கூட்டி வெட்டினால் ஓலை கிடந்து செல்லரிக்கும். இதற்குத்தான் கயிறு.

மழையை அங்குலத்தில் அளப்பது அவளுக்குத் தெரியாது. ஓலையில் சொல்லுவாள். "இந்த வருசம் ஒத்த ஓல." "போன வருசம் ரெட்ட ஓல." ஒரே ஒரு வருஷம் "மூணு ஓல" என்று சொன்னதாகவும், அந்த ஐப்பசியில் ரயில் தண்டவாளத்துக்கு மேல் தோணி போனதாகவும் அவள் கூட்டத்தைச் சேர்ந்த முப்பிடாதி சொல்கிறாள். தோணி முப்பிடாதி சேர்த்தது.

தை பிறந்ததும் கேட்க வருகிறவர்கள் உண்டு. உப்பளத்துக்காரர்களுக்கு மழை குறைய வேண்டும். ஆத்தூரிலிருந்து வரும் கொடிக்கால்காரர் ஒருவருக்கு மழை கூட வேண்டும். அவர் வெறும் கையோடு வருவதில்லை. ஈரத்துணியில் சுற்றி ஒரு கவுளி வெற்றிலை கொண்டு வருவார். சண்முகவடிவு வெற்றிலையை வாங்கிக்கொள்வாள், கயிற்றைத் தடவுவாள், ஒற்றை ஓலை என்று சொல்லுவாள்.

"கொஞ்சம் பாத்துச் சொல்லும்மா" என்பார் அவர்.

"வெத்தலய வாங்கிட்டு மழையக் கூட்டிச் சொல்ல முடியுமா அண்ணாச்சி? ஆத்தூருக்கு ஒண்ணு, அளத்துக்கு ஒண்ணுன்னு ரெண்டு வானமா தொங்குது?"

ஒவ்வொரு சித்திரையிலும் பஞ்சாங்கம் வாங்குகிறாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. சண்டை போடுவதற்காக வாங்குகிறாள். பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் என்னை நிறுத்தி மழைப் பலனைப் படிக்கச் சொல்லுவாள். "சமுத்திரத்தில் பத்து பாகம், மலையில் ஆறு பாகம், பூமியில் நாலு பாகம்" என்று நான் படிப்பேன்.

"கடல்ல பெய்யிதத எதுக்கு எழுதுதான்? மீனுக்குக் கொடை விக்கவா?"

அடுத்த வருஷமும் வாங்குவாள். அடுத்த வருஷமும் இதையே கேட்பாள்.

அவள் வீடு உப்பளத்தை ஒட்டிய ஓலைக் குடிசை. உள்ளே சுவரில் இரண்டு ஆணிகள். அடுப்புக்கு மேலே உள்ள ஆணியில், சொன்னபடி மழை பெய்த வருஷங்களின் கயிறுகள் தொங்குகின்றன. புகையேறிக் கறுத்துப் பளபளக்கின்றன. வாசலை ஒட்டிய ஆணியில் சொல் தப்பிய வருஷங்கள். எதற்காக அவற்றை வாசலில் மாட்டியிருக்கிறாள் என்று கேட்டேன். "வெளிய போவும்போது தலையில தட்டணும்லா" என்றாள். ஆணி அந்த உயரத்தில்தான் அடிக்கப்பட்டிருந்தது.

நான் முதலில் பார்த்தபோது வாசல் ஆணியில் ஆறு கயிறுகள் இருந்தன. ஏழாவது, உலகச் சண்டை முடிவதற்கு முந்தைய வருஷத்துக் கயிறு.

அப்போது பத்திரிகைகளில் மழைச் செய்தி வருவதில்லை. புயல் வருவது எதிரிக்குத் தெரிந்துவிடக் கூடாதாம். கப்பல் வருவதும் ரகசியம். இங்கே கடல் ஆழமில்லை. கப்பல்கள் ஐந்தாறு மைல் தள்ளியே நங்கூரம் போடும். கரையிலிருந்து பார்த்தால் கப்பல் தெரியாது, அதன் கரிப்புகைதான் கீழ்வானத்தில் தெரியும். மார்கழி மேகமும் அதே இடத்தில், அதே நிறத்தில், அதே உயரத்தில்தான் கிடக்கும். சமாதான காலத்தில் இன்ன கப்பல் இன்ன தேதி என்று கடைத்தெருவெல்லாம் தெரியும். அந்த வருஷம் சண்முகவடிவு ஒரு போலீஸ்காரரிடம், "புகை தெரியுதே, எந்தக் கப்பல் அய்யா?" என்று கேட்டுவிட்டாள். அவர் அவளை ஒரு மணி நேரம் வெயிலில் நிறுத்தி வைத்து, ஏன் கேட்டாள் என்று விசாரித்தார். மேகத்துக்காக என்று சொன்னாள். அவர் நம்பவில்லை. அந்த மார்கழி முழுதும் அவள் யாரையும் கேட்கவில்லை.

புகைக்கு ஏமாறக் கூடாது என்பதில் அவளுக்கு ஒரு பெருமையும் இருந்தது. புகையை மேகம் என்று நினைத்து முடிச்சுப் போட்டவர்களைப் பற்றிக் கதை கதையாகச் சொல்லுவாள். அந்த மார்கழியில் ஒன்பது, பத்து, பதினொன்று ஆகிய மூன்று நாட்களும் கிழக்கே கரிய பட்டை கிடந்தது. புகை என்று முடிவு செய்தாள். ஆறு விரல் அகலம் வெறும் கயிறு விட்டாள்.

ஒன்பதாம் நாள் என்பது அவள் கணக்கில் ஐப்பசி நடுவில் தொடங்குகிறது. பதினோராம் நாள் கார்த்திகை இருபதில் முடிகிறது. அசல் மழைக்காலமே அதுதான். அது வெறுமையாகக் கிடந்தது.

ஆடியில் பால்துரை வந்தான். சாயர்புரத்துக்காரன், கிறிஸ்தவன். பன்னிரண்டு வருஷம் பிறர் அளங்களில் உப்பு வாரியவன். அந்த வருஷம்தான் முதல் தடவையாகத் தானே ஒரு சின்ன அளத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தான். ரயில் வண்டிகளெல்லாம் சண்டைச் சாமான் ஏற்றப் போய்விட்டதால் உப்பு நகரவில்லை. பால்துரையின் ஒரு வருஷம் முழுவதும், உப்பைக் குவித்து வைக்கும் தட்டுமேட்டில் ஒரே அம்பாரமாக நின்றது. மழைக்காலத்தைத் தாண்டிவிட்டால் தை மாதம் வண்டி கிடைக்கும், அடுத்த வருஷமும் அளம் அவனுடையது. கரைந்து போனால் மறுபடியும் பிறத்தியார் அளத்தில் பலகை பிடித்து வார வேண்டும். அவன் தினமும் சாயங்காலம் அம்பாரத்தை ஒரு தடவை சுற்றி வந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவான். கோயிலைச் சுற்றுவது போல இருக்கிறது என்று பெண்கள் கேலி செய்தார்கள். "நான் வேதக்காரன், சுத்த மாட்டேன்" என்று சொல்லிவிட்டு மறுநாளும் சுற்றினான்.

பெரிய அளக்காரர்களிடம் பழைய ஓலை கையிருப்பு இருக்கும். சண்முகவடிவு எதைச் சொன்னாலும் அவர்கள் இரட்டையாக மூடிவிடுவார்கள். அவள் வாக்கை அப்படியே எடுத்துக்கொள்கிறவர்கள் பால்துரை மாதிரி ஆட்கள்.

அவள் கயிற்றை மூன்று தடவை விரலால் ஓட்டிப் பார்த்தாள். "ஒத்த ஓல போதும்."

"நிச்சயமாக்கா?"

"நிச்சயம்னு அடிச்சுச் சொல்லுததுக்கு நான் என்ன பஞ்சாங்கமாலே?"

அவன் சிரித்துக்கொண்டு போய் ஒற்றை ஓலைக்கு வெட்டச் சொன்னான்.

புரட்டாசிக் கடைசியில் அவன் அம்பாரத்துக்கு ஓலை ஏறிக்கொண்டிருந்தது. உச்சியில் முப்பிடாதி, கீழே சண்முகவடிவு ஓலையை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஓலை பறக்காமல் இருக்க மேலே கயிறு போட்டுக் கல் தொங்கவிட வேண்டும். அதற்காகத் தோணியில் கழித்துப் போட்ட வடக்கயிற்றைத் தோளில் சுமந்துகொண்டு தனராஜ் வந்தான். துறைமுகத்துத் தோணியில் வேலை பார்க்கிறவன். வாய் ஓயாதவன். கடலில் வேலை குறைந்துவிட்டது என்று குறைப்பட்டுக்கொண்டே வந்தான்.

"முந்தியெல்லாம் திருநாளுக்குக்கூட விட மாட்டான். இந்த வருசம் பாருங்க, மூணு ராசாக்கள் திருநாளுக்கு மாதா கோயில் பூசைக்கிப் போனேன். பத்து வருசத்தில அன்னைக்கித்தான் சாமியார் என் மூஞ்சியப் பாத்தாரு. முந்தின நாளும் சோலியில்ல, மறுநாளும் சோலியில்ல. ஒரு கப்பல் வரணுமே. மூணு நாளும் சீட்டு வெளையாண்டு கெடந்தோம்."

சண்முகவடிவு கையிலிருந்த ஓலையைக் கீழே வைத்தாள்.

"அது என்னைக்கிலே, அந்தத் திருநாளு?"

"ஜனவரி ஆறு."

"மார்கழியில எத்தன?"

தனராஜுக்குத் தெரியவில்லை. பால்துரை விரல்விட்டு எண்ணிச் சொன்னான். இருபத்திரண்டு.

அவள் கயிற்றை உருவினாள். பதின்மூன்றிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தாள். இருபத்திரண்டு, பத்தாவது நாள். அவள் கட்டைவிரல் வெறும் கயிற்றின் நடுவில் நின்றது.

"நல்லா யோசிச்சுச் சொல்லு தனராஜு. மூணு நாளும் ஒண்ணுகூட இல்லையா?"

"இருந்தா நான் எதுக்கு யக்கா சீட்டில தோத்துட்டு இருக்கேன்?"

"அப்பம் அது புகையில்ல."

விஷயம் பால்துரைக்கு மெதுவாகத்தான் எட்டியது. அவன் அம்பாரத்தைப் பார்த்தான். பிறகு வானத்தைப் பார்த்தான். வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது.

"ரெட்ட ஓல மழை பாத்துக்க" என்றாள் சண்முகவடிவு. "நான் தப்பாச் சொல்லிட்டேன்."

"இனிமே ஓலைக்கு எங்கக்கா போவ? வெட்டு முடிஞ்சு போச்சே."

உச்சியிலிருந்து முப்பிடாதி குனிந்து மெல்லச் சொன்னாள்: "மயினி, நீ சொல்லலேன்னா இது யாருக்குத் தெரியப் போவுது?"

"மழைக்குத் தெரியும்ளா. நீ கட்டுத சோலியப் பாரு."

மறுநாள் காலை பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது அவள் வீட்டுக் கூரை மேல் இரண்டு பெண்கள் ஏறியிருப்பதைப் பார்த்தேன். ஆவணியில்தான் அதைப் புதிதாக வேய்ந்திருந்தாள், அதுவும் இரட்டையாக. வேய்ந்த கையே அதைப் பிரித்துக்கொண்டிருந்தது. மேலடுக்கை எடுத்தார்கள். அது போதவில்லை. அடியடுக்கையும் எடுத்தார்கள். பகல் சாப்பாட்டு நேரத்துக்கு வெறும் கம்புகள் நின்றன. பால்துரை ஓடி வந்து தடுத்தான். "வேண்டாங்கா. எனக்கு வெக்கமாயிருக்கு."

"ஒனக்கு என்னலே வெக்கம்? தப்பு என்னுது. வண்டியப் பிடி."

வீட்டுக்கு என்ன செய்வாய் என்று கேட்டதற்குத் தனராஜைக் கூப்பிட்டாள். கிழிந்த பாய்மரத் துணி இருந்தால் கொண்டுவரச் சொன்னாள். அவன் கொண்டு வந்தது பழைய தோணிப் பாய். ஏழெட்டு ஒட்டு. அதையே அம்பாரத்தின் மேல் போட்டுவிட்டு ஓலையை வீட்டுக்கே வைத்துக்கொள்ளலாமே என்று அவன் சொன்னான்.

"பாய் நனைஞ்சு உப்பு மேல ஒட்டிச்சுன்னா அம்புட்டையும் குடிச்சிரும். நான் நனைஞ்சா தொவட்டிக்கிடுவேன்."

பாய் கட்டிய வீடு, காற்று வீசும்போதெல்லாம் புடைத்தது. வரப்பில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். "யக்கா, கொழும்புக்கா?" என்று தோணிக்காரர்கள் கேட்டார்கள். "ஆமா, ஏறுதியளா? கூலி கெடையாது" என்று உள்ளேயிருந்து பதில் வரும்.

ஐப்பசி பிறந்தது. வெயில். முதல் பத்து நாளும் பாளம் பாளமாக வெயில். இரட்டை ஓலை போர்த்திய பால்துரையின் அம்பாரம் அந்த வெயிலில் குளிருக்குப் போர்த்திக்கொண்டவன் போல் அசட்டுத்தனமாக நின்றது. ஒற்றை ஓலை போட்ட இரண்டு பேரிடம் சண்முகவடிவு தானே போய்ச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். பெரிய அளங்களில் மிஞ்சியிருந்த கொஞ்சம் பழைய ஓலையும் அவர்கள் இருவருக்கே சரியாகப் போயிருந்தது; அதை வாங்கிப் போட்டவர்கள் இப்போது முணுமுணுத்தார்கள். முப்பிடாதி சும்மா இருக்கவில்லை.

"மயினி, மொதல்ல சொன்னதே சரியாப் போச்சுன்னா எந்த ஆணியில மாட்டுவ?"

"ரெண்டுக்கும் நடுவுல ஒன்னய மாட்டுதேன்."

ஆனால் அந்த நாட்களில் அவள் வெற்றிலை போடவில்லை. காலையில் வரப்பில் வந்து நின்று கிழக்கே பார்த்துவிட்டு வேலைக்குப் போனாள். பால்துரையும் வந்து நிற்பான். உப்புக்காரன் மழை வராதா என்று பார்த்து நின்றது அந்த வருஷம்தான். வந்தால் உப்புக்கு ஆபத்து. வராவிட்டால் அவள் கூரை வீண். எதை வேண்டுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. "அவ சொல்லு பலிக்கட்டும், என் உப்பும் நிக்கட்டும்" என்று ஜெபம் செய்ததாகப் பிறகு என்னிடம் சொன்னான்.

ஐப்பசி பதின்மூன்றாம் தேதி பிற்பகல் காற்று வடக்கே திரும்பியது. நாலு மணிக்கு முதல் தூறல். பிறகு நாலு நாள் விட்டு விட்டுப் பெய்தது. கார்த்திகை பிறந்ததும் ஐந்து நாள் விடாமல் பெய்தது. பாத்திகள், வரப்பு, வண்டித் தடம் எல்லாம் ஒரே தண்ணீர். தண்ணீருக்கு மேல் ஓலை போர்த்திய முதுகுகள் மட்டும் தெரிந்தன. சண்முகவடிவின் பாய் இரண்டாம் நாளே ஒட்டுவிட்டது. அவள் முப்பிடாதி வீட்டில் போய்ப் படுத்தாள். பஞ்சாங்கத்தை மட்டும் நனையாமல் தலையில் கவிழ்த்த சட்டியின் கீழ் வைத்துக்கொண்டு போனாளாம்.

அதற்குப் பிறகும் வானம் விடவில்லை; கார்த்திகை இருபத்தொன்றில்தான் வெயில் அடித்தது. முழங்கால் தண்ணீரில் நடந்து தட்டுமேட்டுக்குப் போனோம். பால்துரை முன்னால் போய்விட்டான். போய், ஓலையைத் தொடாமல் நின்றுகொண்டிருந்தான். அம்பாரத்தைச் சுற்றக்கூட இல்லை.

"பாக்கலியாலே?"

"நீ பாருக்கா."

மேல் ஓலை நனைந்து கறுத்திருந்தது. சண்முகவடிவு அதை விலக்கினாள். அடி ஓலையின் ஓரத்தைத் தூக்கி, மாட்டுக்குக் கன்று பார்ப்பவள் போல முழங்கை வரை கையை உள்ளே விட்டாள். முகம் வேறு பக்கம் திரும்பியிருந்தது. துழாவினாள். கையை வெளியே எடுத்தாள். வெள்ளையாக இருந்தது. ஊதினாள். பொடி பறந்தது.

பால்துரை அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அம்பாரத்தைச் சுற்றக் கிளம்பினான். இந்தத் தடவை யாரும் கேலி செய்யவில்லை. அந்தப் பக்கம் போனவன் வெகு நேரம் வரவில்லை.

அவள் புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு கயிற்றை உருவினாள். அம்பாரத்தடியில் உட்கார்ந்தாள். பதினோரு மாதத்துக்கு முன்னால் விட்ட ஆறு விரல் வெறுமையில் முடிச்சுப் போடத் தொடங்கினாள். நடுக்கயிற்றில் முடிச்சுப் போடுவது லேசு அல்ல. பின்னால் போட்ட முடிச்சுகள் அத்தனையும் வளையத்துக்குள் நுழைந்து மறுபுறம் வர வேண்டும். ஒவ்வொன்றாக நுழைத்து இழுத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றும் பெரிய முடிச்சுகள்.

"இப்பம் சரியாப் போச்சுல்லா மயினி" என்றாள் முப்பிடாதி. "அடுப்பு ஆணிதான்."

சண்முகவடிவு வீட்டுக்கு வந்தாள். கிழிந்த பாயின் வழியாக உள்ளே வெயில் விழுந்து கிடந்தது. ஈரத் தரையில் கால் வைத்து, அடுப்புப் பக்கம் போகாமல், வாசலை ஒட்டிய ஆணியில் ஏழாவதாக அந்தக் கயிற்றை மாட்டினாள். வெளியே வரும்போது அது அவள் தலையில் தட்டியது.